வன்னியில் இழுப்பும் அலர்ஜியும்: எது தூண்டுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

இடமாற்றம் கிடைத்துக் கிளிநொச்சிக்கு வரும் ஆசிரியர், இந்தியாவில் இருந்து திரும்பி வந்து மாங்குளத்துப் பக்கம் காணி துப்பரவாக்கும் குடும்பம், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்கு வரும் பிள்ளை என்று இழுப்புள்ள பலர் வன்னிக்கு வந்த சில கிழமைகளில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இங்கே வந்த பிறகுதான் முட்டுக் கூடுது, என்னத்தாலே?" அக்கம்பக்கத்தில் இருந்து உடனே பதில் வரும். வாழைப்பழத்தை நிப்பாட்டுங்கோ, தயிர் குடுக்காதேங்கோ, இறால் நண்டு பக்கமே போகாதேங்கோ. அக்கறையோடு சொல்லும் பதில்தான். ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேட வேண்டிய இடம் சாப்பாட்டுக் கோப்பை அல்ல, மூச்சோடு உள்ளே போகும் காற்று. அதனால் இங்கே காற்றைப் பற்றி முதலில் சொல்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன். வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், இங்கேயே இருந்து அண்மையில்தான் "உங்களுக்கு ஆஸ்துமா" என்று டொக்டர் சொல்லக் கேட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஆபத்தை அடையாளம் காணுங்கள்

தூண்டுவது எது என்று ஆறுதலாகத் தேடலாம். இந்த அறிகுறிகளைக் கண்டால் மட்டும் தேட நேரமில்லை: ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசுவது, மூச்சு எடுக்கும்போது விலா இடுக்குகளும் கழுத்துக் குழியும் உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாரிப்பது, குழந்தை பால் குடிக்கவே ஏலாமல் சோர்ந்து போவது. இழுப்புச் சத்தம் அடங்கி ஆளும் அடங்கிப் போனால் "சத்தம் குறைஞ்சிட்டுது, சுகமாகுது" என்று நினைக்க வேண்டாம். காற்றுப் போக்குவரத்தே குறைந்துவிட்டால் சத்தமும் வராது.

உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை ஆளைப் படுக்கவைக்காமல் நிமிர்ந்து இருத்துங்கள். நீல நிறப் பம்மை, அதாவது சல்பியூட்டமோல் இன்ஹேலரை, ஸ்பேசரில் (பம்முக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் குழல்) பொருத்தி ஒரு தடவை அழுத்தி, அதில் 4 மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். இப்படி 4 தடவை. 4 நிமிடம் பார்த்துவிட்டுச் சுகமில்லை என்றால் திரும்பவும் அதையே செய்யுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை தொடரலாம். உட்கிராமத்தில் இருந்தால் வீட்டு அடையாளத்தை, குளக்கட்டா, பள்ளிக்கூடமா, எந்தச் சந்தியில் திரும்புவது என்பதை, ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதறும் நேரத்தில் வீட்டில் இருக்கும் பிள்ளையாலும் அதைப் பார்த்துச் சொல்ல முடியும்.

ஸ்பேசர் வாங்க முடியவில்லை என்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாகப் போகும் அளவுக்கு ஓட்டை போட்டு, போத்தல் வாயால் மூச்சு எடுக்கலாம். ஆய்வு செய்து பார்த்த முறை இது, நன்றாகவே வேலை செய்கிறது.

சாப்பிட்டோ, குளவி கொட்டியோ சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, வாந்தியும் இழுப்பும் மயக்கமும் சேர்ந்து வந்தால் அது வேறு ஆபத்து. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அது வைத்தியசாலையில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை தோல் கடியை, அதாவது அரிப்பை, குறைக்கும், உயிராபத்தைத் தடுக்காது. குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் இருக்கவிடுங்கள். எழுந்து நடக்கவிட வேண்டாம்.

ஒரு கொப்பி போடுங்கள்

சரி, ஆபத்து இல்லாத நாளில் தேடலைத் தொடங்கலாம். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும். இரவு இருமி எழும்பினதா, காலையில் தும்மலா, பம் எத்தனை தரம் அடித்தது, அன்றைக்கு வளவிலும் வயலிலும் என்ன நடந்தது, புதிதாக என்ன சாப்பிட்டது என்று நாளுக்கு நாலு வரி எழுதுங்கள். முக்கியமாக நேரத்தை எழுதுங்கள். விடியப்புறம் மட்டும் வருகிறதா, அடுப்படியில் நின்ற பிறகா, வயலால் வந்து இரவிலா? ஆளைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் நேரம்தான். ஒரு மாதம் எழுதினாலே சில விஷயங்கள் தெரிய வரும். இரண்டு போகங்களையும் தாண்டி எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் வன்னியின் காற்று பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

புகை

எல்லாவற்றிலும் முதலில் இதைப் பாருங்கள். இங்கே நிறைய வீடுகளில் விறகடுப்புத்தான். காய்ந்த பாலை விறகு ஒழுங்காக எரியும். ஈர விறகு, பன்னாடை, ஓலை, பொச்சுமட்டை எல்லாம் புகையை அள்ளிக் கொட்டும். மாரியில் விறகு நனைந்த பிறகு அடுப்படியில் கண் திறக்க முடியாத நாட்கள் வரும். அந்தப் புகை அலர்ஜி அல்ல. யாருடைய மூச்சுக் குழாயையும் அரிக்கும், இழுப்புள்ளவருக்குக் குழாயைச் சுருங்கவே வைக்கும். ஆகவே அலர்ஜிக் குளிசை போட்டுக்கொண்டு புகைக்குள் நிற்பதில் பயனில்லை.

செய்யக்கூடியது: விறகை மாரி தொடங்கும் முன் வெட்டிக் கூரைக்குக் கீழ் அடுக்குங்கள். அடுப்படியை வீட்டோடு ஒட்டாமல் தனிக் கொட்டிலாகப் போட்டால் படுக்கும் அறைக்குப் புகை வராது. எதிரெதிராக இரண்டு பக்கம் திறப்பு வையுங்கள். முடிந்தால் புகைபோக்கி வைத்த அடுப்புக் கட்டுங்கள். சிலிண்டர் வாங்க வசதி இருந்தால் இழுப்புள்ளவர் சமைக்கும் நேரத்துக்காவது அதைப் பாவியுங்கள். மிளகாய் வறுக்கும்போதும் தூள் இடிக்கும்போதும் பிள்ளையை வளவின் மறுபக்கம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது நுளம்புத் திரி. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிள்ளையைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்தே பெற்றோர் அதைக் கட்டிலுக்குக் கீழே கொளுத்தி வைக்கிறார்கள். ஒரு திரி முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கதவு யன்னல் பூட்டிய அறையில் ஓர் இரவு முழுவதும் பிள்ளை அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் இதே வகைதான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. சாமியறையில் காட்டிவிட்டு யன்னலைத் திறந்துவிடுங்கள், இழுப்புள்ளவர் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருக்கட்டும். பின்னேரம் வளவு கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். சருகைத் தென்னைக்கும் வாழைக்கும் அடியில் போட்டால் பசளை. பிளாஸ்டிக்கை ஒருபோதும் எரிக்க வேண்டாம். அறுவடை முடிந்து வைக்கோல் கொளுத்தும் நாட்களில் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அந்தப் பக்க யன்னல்களைச் சாத்துங்கள். பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே, "அண்ணை, பிள்ளைக்கு இழுப்பு, கொளுத்துற அன்று சொல்லுங்கோ" என்று கேட்டுவைப்பதில் வெட்கமில்லை.

தூசி, பருவத்தோடு

வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் வீசும். மழை இல்லை, மண் காய்ந்து பொடியாகும். ஏ9 வீதி தார் போட்டது. அதில் இருந்து உள்ளே திரும்பினால் பல இடங்களில் கிரவல் வீதிதான். ஒரு டிப்பர் போனால் வீதியோர வீடு முழுக்கச் சிவப்பாகும். புதிதாக வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: கிரவல் வீதியில் இருந்து உள்ளே தள்ளி, நடுவில் மரமோ உயர்ந்த வேலியோ உள்ள வீடு இழுப்புள்ளவருக்கு நல்லது. அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வேண்டாம், உமித்தூசி நாள் முழுக்கப் பறக்கும். மோட்டார் சைக்கிளில் போனால் முன்கண்ணாடி மூடும் ஹெல்மெட், உள்ளே மாஸ்க்.

வீடு கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளியுங்கள் அல்லது ஈரத் துணியால் துடையுங்கள். பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்ல வேண்டும். காலையில் பிள்ளைகள் வகுப்பைக் கூட்டும் முறை உள்ள இடத்தில், இழுப்புள்ள பிள்ளைக்குப் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் வேலையைக் கொடுக்கலாம். வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும்.

காலபோக அறுவடை தை, மாசியில். வெட்டு மெசின் வயலில் இறங்கினால் நெல்தூசியும் சுணையும் காற்றில் நிற்கும். பிறகு வீதியோரம் நெல் காயப்போடுவதும், தூற்றுவதும், மூட்டை கட்டுவதும். சிறுபோகம் செய்யும் இடங்களில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில், ஆவணிப் பக்கம் இன்னொரு தரம். முகத்தில் கட்டும் சால்வை பெரிய தூசியைத்தான் தடுக்கும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்று முதுகுப் பக்கம் இருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, தலையோடு குளித்துவிட்டு உள்ளே போங்கள்.

நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் தனிக்கதை. அதைக் கிளறினவருக்கு 4 முதல் 8 மணித்தியாலம் கழித்துக் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சு வாங்கல் வரலாம். பார்க்கத் தடிமன் காய்ச்சல் மாதிரி இருக்கும், ஒன்றிரண்டு நாளில் விடும், அடுத்த முறை வைக்கோல் எடுக்கும்போது திரும்ப வரும். இது ஆஸ்துமா அல்ல. நுரையீரலின் உட்பகுதியையே தாக்கும் ஒவ்வாமை. திரும்பத் திரும்ப நடந்தால் நுரையீரல் நிரந்தரமாகத் தழும்பேறிப்போகும். மாடு வளர்ப்பவர்களுக்குக் காய்ச்சல் இப்படி வைக்கோலோடு வருகிறதா என்பதைக் கொப்பி காட்டிக்கொடுக்கும். டொக்டரிடம் "வைக்கோல்" என்ற சொல்லை மறக்காமல் சொல்லுங்கள்.

வவுனியாப் பக்கம் வளவில் கரட் இலை போன்ற இலையும் சின்ன வெள்ளைப் பூக்களும் உள்ள செடி செறிந்து நின்றால் அது பார்த்தீனியம். தோலில் கடி, தும்மல், இழுப்பு மூன்றையும் தூண்டக்கூடியது. பூக்க முன், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வேலையை இழுப்பில்லாத ஒருவர் செய்யட்டும்.

படுக்கை

இரவிலும் விடியப்புறமும் இருமல், எழும்பினதும் தொடர்தும்மல் என்று கொப்பி சொன்னால் படுக்கையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் மெத்தை, தலையணைக்குள் வாழ்கின்றன. மனிதத் தோலில் இருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பெருகும் உயிர்கள் அவை. மாரிக்குப் பிறகு கூடும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையும் தும்பு மெத்தையும் அவற்றுக்கு நல்ல வீடு. பாயில் படுப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். பன்பாயைத் தட்டி வெயிலில் போட்டாலே போதும்.

மெத்தை உள்ளவர்கள் அதற்கும் தலையணைக்கும் சிப் வைத்த இறுக்கமான உறை போடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருக்கால் 60 பாகை வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள், பிறகு நல்ல வெயிலில் காயவிடுங்கள். சுற்றாடலில் வெயில் தாராளமாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தூசு தட்டும் வேலையை இழுப்புள்ளவர் செய்ய வேண்டாம், அவர் இருக்கும் அறையிலும் செய்ய வேண்டாம். கரப்பான் பூச்சியின் எச்சமும் செதிலும் இன்னொரு பெரிய தூண்டி. பாத்திரத்தை இரவே கழுவி, மா, சீனி டின்களை மூடி வையுங்கள். தகரக் கூரை ஒழுகி, சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் முதலில் ஒழுக்கை அடையுங்கள். சுவரை மட்டும் தேய்த்துப் பயனில்லை, திரும்ப வரும். பூனையைக் கட்டிலில் ஏற விடாதீர்கள். அதை வெளியேற்றிய பிறகும் அதன் அலர்ஜிப் பொருள் பல மாதங்கள் வீட்டில் நிற்கும்.

தடிமன், பனி, ஓட்டம்

சின்னப் பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புவதில் முதலிடம் சாதாரணத் தடிமன் வைரசுக்கு. ஐப்பசி மழையோடு பள்ளிக்கூடத்தில் தொடங்கிவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவப் பழக்குவதும், தடுப்பு பம்மை (மண்ணிறப் பம் போன்றது) அந்த மாதங்களில் ஒருநாளும் விடாமல் எடுப்பதும்தான் வழி. மார்கழி, தைப் பனியில் விடிய வெளியே போனால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடுகிற பிள்ளையை மறிக்க வேண்டாம். டொக்டரைக் கேட்டு, ஓட்டத்துக்கு 10, 15 நிமிடம் முன் நீலப் பம் அடித்துவிட்டு ஓடலாம்.

இனிச் சாப்பாடு

உணவு மட்டும் காரணமாகி, வேறு அறிகுறி எதுவும் இல்லாமல், இழுப்பு மட்டும் வருவது குறைவு. உணவு அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்டுச் சில நிமிடங்களில் இருந்து 2 மணித்தியாலத்துக்குள் தெரியும்: வாய் கடிக்கும், தோல் தடிக்கும், உதடு வீங்கும், வயிறு பிரட்டும். அதே உணவைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் நடக்கும். இந்த அடையாளம் இல்லாமல் "குளிர்ச்சி" என்று சொல்லி வாழைப்பழம், தயிர், தோடம்பழம், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. பிள்ளை மெலிகிறது, இழுப்பு அப்படியே இருக்கிறது. உங்கள் கொப்பியில் ஓர் உணவும் அறிகுறியும் மூன்று நாலு தரம் சேர்ந்து வந்தால் மட்டும் சந்தேகியுங்கள்.

இங்கே உண்மையில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

இறால், நண்டு. முல்லைத்தீவுக் கடலும் நந்திக்கடலும் இருக்கும்வரை இவை எங்கள் சாப்பாட்டில் இருக்கும். இவற்றில் உள்ள டிரோப்போமயோசின் என்ற புரதத்தைப் போன்ற ஒன்று தூசிச் சிற்றுண்ணியிலும் கரப்பானிலும் இருக்கிறது. அதனால் தூசிக்கு அலர்ஜி உள்ள சிலருக்கு இறாலும் ஒத்துவராது. எல்லாருக்கும் அல்ல. அலர்ஜி உறுதியானவர்கள் மறைந்திருக்கும் இடங்களைக் கேட்டறிய வேண்டும்: சம்பலில் கூனி, ஒடியற்கூழில் நண்டும் இறாலும், கடையில் இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த வடை. மிக உணர்வுள்ளவருக்கு இறால் அவியும் ஆவியே போதும்.

மீன். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் கரையில் இருந்து ஒட்டுசுட்டானுக்கோ துணுக்காய்க்கோ வந்து சேர நேரமாகும். ஐஸ் போதாவிட்டால் சூரை, சாளை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்து, சிலருக்கு இழுப்பும் வரும். ஒரே கறியைச் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். இது மீன் அலர்ஜி அல்ல, பழுதான மீன். "எனக்கு மீன் ஒத்துவராது" என்று வாழ்நாள் முழுக்க விட முன் இந்த வித்தியாசத்தை டொக்டரோடு பேசுங்கள். வாங்கும்போது செவுளையும் ஐஸையும் பாருங்கள்.

கச்சான், எள்ளு, கஜு. முல்லைத்தீவு மணலில் கச்சான் விளைகிறது, கோயில் திருவிழா என்றால் கச்சான் கடை இல்லாமல் இல்லை. கச்சான் அலர்ஜி உள்ளவருக்குச் சிறு துண்டும் ஆபத்து. எள்ளுருண்டைக்கும் இது பொருந்தும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலும் எள்ளின் புரதம் இருக்கும். அதேநேரம், அலர்ஜி வந்துவிடும் என்ற பயத்தில் குழந்தைக்குக் கச்சானைப் பிந்திக் கொடுப்பது பயன் தராது. 2015இல் வெளியான பெரிய பரிசோதனை ஒன்றில், அலர்ஜி வரும் வாய்ப்புக் கூடிய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கச்சான் உணவு கொடுக்கத் தொடங்கியபோது 5 வயதில் கச்சான் அலர்ஜி ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. நன்றாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்க வேண்டும். 5 வயதுக்குக் கீழ் முழுக் கச்சான் வேண்டாம், புரைக்கேறும். ஏற்கெனவே கடுமையான கரப்பான் தோல்நோயோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தை என்றால் டொக்டரைக் கேட்டபின் கொடுங்கள்.

இறைச்சி. மாடு, ஆடு, பன்றி இறைச்சி சாப்பிட்டு 3 முதல் 6 மணித்தியாலம் கழித்து, நடு இரவில் தடிப்பும் வயிற்று வலியும் வந்தால், முன்பு உண்ணி கடித்ததா என்று யோசியுங்கள். சில வகை உண்ணிகள் கடித்தபின் இறைச்சிக்கு இப்படிப் பிந்தி வரும் அலர்ஜி உலகின் பல நாடுகளில் அறியப்பட்டிருக்கிறது. கோழிக்கும் மீனுக்கும் வராது. பற்றைக் காட்டிலும் மாட்டுப் பட்டியிலும் வேலை செய்பவர்கள் காலை மூடி உடுப்பது நல்லது.

பைக்கற்றில் வரும் உலர்ந்த பழம், சில பானங்கள், பதப்படுத்திய இறால் ஆகியவற்றில் சேர்க்கும் சல்பைட் சில ஆஸ்துமாக்காரரின் மூச்சுக் குழாயைச் சுருக்கும். லேபலில் 220 முதல் 228 வரையான எண்களைப் பாருங்கள்.

மருந்துப் பெட்டியையும் பாருங்கள்

உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கும் அஸ்பிரின், டைக்ளோபெனக், புரூபன் சிலருக்குக் கடும் இழுப்பைக் கொண்டுவரும். பரசிட்டமோல் பெரும்பாலானோருக்குப் பிரச்சினையில்லை. பிரஷருக்கோ கைநடுக்கத்துக்கோ தரும் புரோப்பிரனோலோல், கண்ணில் விடும் டிமோலோல் ஆகியவையும் இழுப்பைக் கிளப்பலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "எனக்கு ஆஸ்துமா" என்று முதலில் சொல்லுங்கள்.

கொப்பியோடு கிளினிக்குக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பொது வைத்தியசாலைகளிலும் மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். நீங்கள் எழுதின கொப்பி, பாவிக்கும் எல்லாப் பம்களும் குளிசைகளும் ஒரு பையில் கொண்டு போங்கள். பம் அடிக்கும் விதத்தை டொக்டருக்கோ தாதிக்கோ செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். முறை பிழைத்தால் மருந்து நாக்கிலேயே நின்றுவிடும்.

நீலப் பம் அந்த நேரத்துக்கு ஆறுதல். மண்ணிறப் பம் போன்ற தடுப்பு மருந்துதான் குழாயின் வீக்கத்தைக் குறைப்பது, ஆனால் அதன் பலன் தெரிய நாட்கள், கிழமைகள் ஆகும். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். தூண்டுவதை எல்லாம் விலக்கிவிட்டேன், இனி மருந்து எதற்கு என்று நினைக்கிறவர்கள் அடுத்த அறுவடைக் காற்றில் வாட்டில் படுக்க நேரிடும்.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜிப் பரிசோதனைக்கு உங்களை வெளியூருக்கு அனுப்பினால், அதற்கு முந்திய ஒரு கிழமை அளவுக்குப் பிரிட்டன், செற்றிரிசீன் போன்ற குளிசைகளை நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று திகதி எடுக்கும்போதே கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். பம்மை நிறுத்த வேண்டியதில்லை.